நைட்டிங்கேல் அம்மையார் போட்ட கணக்கு



நான் அஞ்சாவது படிக்கும்போது குழந்தைகள் தினத்துக்கு மாறுவேடப் போட்டி வச்சாங்க. எனக்கு பிளாரன்ஸ் நைட்டிங்கேல் வேடம். அம்மாவோட பழைய வெள்ளைப் புடவையைக் கிழிச்சு தலைக்கு முக்காடு போட்டு, பாட்டி வீட்டு அரிக்கேன் விளக்கைக் கையில் கொடுத்து அனுப்பினாங்க. மேடையில அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூணு தடவை நடந்தேன். அவ்வளவுதான் வேலை. ரெண்டாம் பரிசு ஒரு டிபன் பாக்ஸ் கிடைச்சது. முதல் பரிசு வழக்கம்போல பாரதியாருக்குப் போச்சு, மீசைக்காக.

அதனால இந்த மாத சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னதும் நான் முந்திக்கொண்டு நைட்டிங்கேல் என்று பெயர் கொடுத்துவிட்டேன். சுலபமா முடிஞ்சிடும்னு நினைச்சேன். விளக்கு, நோயாளி, கருணை, அவ்வளவுதானே. ஆனால் அறிவியல் டீச்சர் கொடுத்த புத்தகத்தைப் படிச்சதும் நான் மேடையில நடந்து காட்டினது அவர் வாழ்க்கையில ரொம்பச் சின்னப் பகுதிதான்னு தெரிஞ்சுது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள். அவருடைய அக்கா நேப்பிள்ஸ் நகரத்தில் பிறந்ததால் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பது அக்காவுக்கு. (நம்ம வீட்டில் இப்படி வைத்தால் பாதிப் பேருக்கு அரசு ஆஸ்பத்திரி என்றுதான் பெயர் இருக்கும்.) குடும்பம் இங்கிலாந்தில் பெரிய பணக்காரக் குடும்பம். இரண்டு மாளிகைகள் இருந்தன. அப்பாவே வீட்டில் லத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிளாரன்சுக்குக் கணக்கின் மேல்தான் கொள்ளை ஆசை.

பதினாறு வயதில், 1837இல், கடவுள் தன்னை ஒரு வேலைக்கு அழைப்பதாக அவருக்குத் தோன்றியது. அது நோயாளிகளைக் கவனிக்கும் வேலை என்று பின்னால் முடிவு செய்தார். வீட்டில் பெரிய சண்டை. அந்தக் காலத்தில் பணக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டார்கள், டாக்டர்தான் வீட்டுக்கு வருவார். ஆஸ்பத்திரி என்றால் ஏழைகள் சாகிற இடம். நர்சுகள் குடிப்பார்கள் என்று ஊரே பேசும். அந்த வேலைக்கு ஒரு மாளிகைப் பெண் போவதா என்று அம்மாவும் அக்காவும் அழுதார்கள். கல்யாணத்துக்குக் கேட்டவரையும் 1849இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1851இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். அப்போது அவருக்கு வயது 31. அதாவது ஆசை வந்து பதினாலு வருஷம் வீட்டோடு மல்லுக்கட்டி இருக்கார். என் வயசு மொத்தமே பதினாலுதான்.

1853இல் லண்டனில் ஹார்லி தெருவில் ஒரு சின்ன மருத்துவமனையை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. அங்கே போனதும் அவர் முதலில் பார்த்தது நர்சுகளின் கால்களை. பாதி நேரம் மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே போயிற்று. அதனால் ஒவ்வொரு மாடிக்கும் சுடுதண்ணீர் குழாய் வழியாக வர வேண்டும், சாப்பாடு கயிற்றில் இழுக்கும் சின்ன லிஃப்டில் மேலே வர வேண்டும், நோயாளி மணி அடித்தால் எந்த அறை மணி என்று நர்சுக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும் என்று ஏற்பாடு செய்யச் சொன்னார். நர்ஸ் நல்லவளா இருந்தா மட்டும் போதாது, அவள் வேலை செய்யற கட்டடமும் ஒழுங்கா இருக்கணும்னு அவருக்கு அப்பவே தோணியிருக்கு. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அடுத்த வருடம் கிரிமியா போர். ஒரு பக்கம் ரஷ்யா, இன்னொரு பக்கம் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி. அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கருங்கடலைத் தாண்டிக் கப்பலில் கொண்டுவந்து ஸ்குட்டாரி என்ற இடத்தில் போட்டார்கள். அது இப்போதைய இஸ்தான்புல் நகரத்தின் ஒரு பகுதி. துருக்கிப் படையின் பழைய குடியிருப்பு ஒன்றைத்தான் ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அங்கே நடக்கும் கொடுமை லண்டன் செய்தித்தாளில் வந்ததும் நாடே கொதித்தது. போர் அலுவல் அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரைப் போகச் சொல்லிக் கேட்டார். 38 நர்சுகளோடு 1854 அக்டோபர் 21ஆம் தேதி புறப்பட்டு நவம்பர் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே கட்டில் இல்லை, கிண்ணம் இல்லை, சோப்பு இல்லை, துண்டு இல்லை. எலிகள் மட்டும் நிறைய இருந்தன. தாழ்வாரங்களில் சேர்த்துப் பார்த்தால் சுமார் 4 மைல் நீளத்துக்கு நோயாளிகள் படுத்திருந்தார்கள். அம்மையார் தன்னிடம் இருந்த பணத்தில் பொருள் வாங்கினார். தேய்க்கிற பிரஷ் வாங்கித் தரையைக் கழுவ வைத்தார். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கொப்பரை வைத்து, துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். சமையலைத் தனியாகக் கவனித்தார். இரவில் விளக்கோடு சுற்றி வந்தார். அந்த விளக்கு நான் பிடிச்ச அரிக்கேன் மாதிரி இல்லையாம். துருக்கிக்காரர்கள் வைத்திருக்கும், மடிப்பு மடிப்பாக மடக்கி விரிக்கிற கூண்டு விளக்கு. அதனால இனிமேல் யாராவது இந்த வேடம் போட்டால் கவனிச்சுக்கோங்க.

இதுவரைக்கும் நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை. இதுக்கு அடுத்த பக்கத்தில்தான் நான் நின்னுட்டேன்.

அம்மையார் வந்த பிறகும் சாவு குறையவில்லை. கூடியது. டிசம்பரில் கூடி, ஜனவரியில் இன்னும் கூடி, 1855 பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு வந்த 100 பேரில் 42 பேர் இறந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஸ்குட்டாரியில் 4,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். குண்டடி பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். காலரா, டைஃபஸ் காய்ச்சல், சீதபேதி இவைதான் கொன்றன. தரை சுத்தம், துணி சுத்தம், சாப்பாடு வந்தாச்சு, ராத்திரி விளக்கும் வந்தாச்சு. அப்புறமும் ஏன்?

மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. ஜான் சதர்லேண்ட் என்ற டாக்டர், ராபர்ட் ராலின்சன் என்ற பொறியாளர், லிவர்பூல் நகரத்துச் சுகாதார ஆய்வாளர்கள். அவர்கள் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டடத்தின் அடியில் பார்த்தார்கள். அந்த மாளிகை மாதிரி கட்டடம் முழுக்க அடைபட்ட சாக்கடை மேல் உட்கார்ந்திருந்தது. கக்கூஸ் குழாய் வழியாக நாற்றம் வார்டுக்குள் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வருகிற கால்வாயில் ஒரு செத்த குதிரை கிடந்தது. மேலே எவ்வளவு துடைச்சும் என்ன பிரயோஜனம்? அவர்கள் சாக்கடையைத் தோண்டித் தண்ணீர் விட்டு அலசச் சொன்னார்கள். வண்டி வண்டியாகக் குப்பையை அள்ளினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். நெருக்கித் தள்ளிப் படுக்க வைப்பதைக் குறைத்தார்கள். ஜூன் மாதத்துக்குள் 100 பேருக்கு 2 பேர்தான் இறந்தார்கள்.

42 எங்கே, 2 எங்கே.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் வகுப்பில் அப்பா அம்மா என்ன வேலைன்னு எழுதச் சொன்னப்ப நான் அம்மா பெயருக்கு நேரா ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் எழுதினேன். அதைப் படிச்சவங்க எங்கம்மாவை நர்ஸ்னு நினைச்சாங்க. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். எங்கம்மா நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யறாங்க. காலையில 6 மணி பஸ்ஸுக்குப் போய் வார்டு கூட்டி, பினாயில் போட்டுத் துடைச்சு, கக்கூஸ் கழுவிட்டு வருவாங்க. வீட்டுக்கு வந்ததும் முதல்ல குளிச்சுட்டுத்தான் எங்களைத் தொடுவாங்க. மாறுவேடப் போட்டிக்கு அந்த வெள்ளைப் புடவையைக் கிழிச்சுக் கொடுத்தவங்களும் அவங்கதான்.

ஸ்குட்டாரியில் சாக்கடைக்குள்ளே இறங்கினவங்க பெயர் நான் படிச்ச புத்தகத்தில் இல்லை. பக்கம் புரட்டிப் புரட்டித் தேடினேன்.

சரி, கதைக்கு வருகிறேன். 1855 மே மாதம் அம்மையாருக்கே கடுமையான காய்ச்சல் வந்து பிழைத்தார். அந்த நோய் பிறகு அவரை முழுசாக விடவில்லை. போர் முடிந்து 1856 ஆகஸ்டில் வீடு திரும்பினார். நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவர் மிஸ் ஸ்மித் என்று பொய்ப் பெயரில் பயணம் செய்து யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். இறந்த சிப்பாய்களை நினைத்துக்கொண்டிருந்த அவருக்கு மாலை மரியாதை பிடிக்கவில்லை.

பிறகு விக்டோரியா ராணியைப் பார்த்து, படையின் சுகாதாரத்தை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்று கேட்டு, 1857இல் அது அமைந்தது. பெண் என்பதால் அவர் அதில் உறுப்பினராக முடியாது. ஆனால் வேலை முழுக்க அவர் கையில் இருந்தது. வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு உட்கார்ந்து ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர், எதனால் இறந்தார்கள் என்று பட்டியல் போட்டார். ஸ்குட்டாரியில் இருந்தபோது அவர் நினைத்தது வேறு. மோசமான சாப்பாடு, அளவுக்கு மீறிய வேலை, ரொம்பத் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது, இதனால்தான் சாவு என்று நினைத்தார். கணக்கு வேறு சொன்னது. தான் கவனித்துக்கொண்ட அந்தக் கட்டடமே ஆட்களைக் கொன்றிருக்கிறது என்று சொன்னது.

அப்போது அவர் இங்கிலாந்தில் பெரும் புகழ்பெற்ற பெண். பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதை மறைக்கவில்லை. அறிக்கையில் எழுதினார், அச்சடித்துக் கொடுத்தார். விளக்கைவிட எனக்கு இதுதான் பெரிசாத் தெரியுது. நான் ஒரு கோட்டுக்குள்ளே அம்மா வேலையை எழுத முடியாதவள்.

எண்களை மட்டும் கொடுத்தால் மந்திரிகள் படிக்க மாட்டார்கள் என்று 1858இல் படமாகவே வரைந்தார். அந்தப் படத்தின் ஒரு பகுதியை நான் கீழே வரைந்திருக்கிறேன், பாருங்கள். வட்டத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு துண்டாக, தோசையை வெட்டுவது போல வெட்ட வேண்டும். கோணம் எல்லாம் ஒன்றுதான், 30 பாகை. ஆனால் சாவு கூடினால் துண்டு வெளியே நீளும். நீலம் நோயால் இறந்தவர்கள், சிவப்பு காயத்தால் இறந்தவர்கள், கறுப்பு மற்ற காரணங்கள். 1855 ஜனவரியில் கிழக்கே இருந்த மொத்தப் படையில் நோயால் 2,761 பேர், காயத்தால் 83 பேர், மற்றவை 324. முதலில் நான் எண்ணிக்கை அளவுக்கே நீளம் எடுத்தேன், நீலம் சார்ட் பேப்பரை விட்டு வெளியே போயிடுச்சு. கணக்கு சார்தான் நீளத்தை இல்லை, பரப்பைப் பார்க்கணும்னு சொன்னார். அப்போ வர்க்கமூலம் எடுக்கணும். 2,761க்கு 52.5, 83க்கு 9.1, 324க்குச் சரியா 18. அஞ்சால் வகுத்து நீலத்துக்கு 10.5 செ.மீ., சிவப்புக்கு 1.8 செ.மீ., கறுப்புக்கு 3.6 செ.மீ. வச்சேன். பக்கத்தில் இருக்கிற சின்ன நீலத் துண்டு அடுத்த வருஷம் 1856 ஜனவரி. நோயால் இறந்தது 42 பேர்தான், 1.3 செ.மீ. இத்தனைக்கும் அப்போது படையில் ஆள் அதிகம். 32,393 பேராக இருந்த படை 44,212 ஆகியிருந்தது. அதனால் அம்மையார் வெறும் எண்ணிக்கையாக வைக்காமல் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டுத்தான் வரைந்தார். நான் அந்த அளவுக்குப் போகலை. நீல ஸ்கெட்ச் தீர்ந்துபோச்சு.

அதே 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அங்கே சேர்ந்த முதல் பெண் அவர்தான்.

அப்புறம் அவர் செய்ததெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். அன்றைக்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு மாதிரி கணக்கு வைத்தது. ஒரு பள்ளியில் 50க்கு மார்க், இன்னொரு பள்ளியில் 100க்கு மார்க் போட்டால் யார் நல்லாப் படிக்கிறாங்கன்னு எப்படிச் சொல்றது? அதனால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே படிவம் வேண்டும் என்று 1860இல் லண்டனில் நடந்த உலகப் புள்ளியியல் மாநாட்டுக்குத் திட்டம் கொடுத்தார். அதே ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மக்கள் அவருக்காகக் கொடுத்த நன்கொடைப் பணம் அது.

இன்னொரு சம்பவம் அதிகம் பேருக்குத் தெரியாது. அவருடைய நிதியில் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவ வார்டும் மருத்துவச்சிப் பயிற்சியும் நடந்தது. அங்கே தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். 1867இல் அந்த வார்டை மூடிவிட்டார்கள். தன் பெயர் இருக்கே என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பல ஊர்க் கணக்குகளை வாங்கிச் சேர்த்து, வீட்டில் பெறுகிறவர்களைவிட ஆஸ்பத்திரியில் பெறுகிறவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று 1871இல் புத்தகமே போட்டார். (இது அந்தக் காலத்துக் கணக்கு. டாக்டர்களே கை கழுவாத காலம். இப்ப ஆஸ்பத்திரி பிரசவம்தான் பாதுகாப்பு. இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டில் போய்த் தப்பாச் சொல்லிடாதீங்க.)

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் இங்கே இருந்த பிரிட்டிஷ் படை முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று கேட்டு வாங்கினார். வந்த பதில்களைப் படுத்த படுக்கையாகவே படித்தார். ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்க்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863இல் வந்த அறிக்கை சொன்னது. அடுத்த வருஷம் சென்னை, வங்காளம், பம்பாய் மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைத்தார்கள். பத்து வருடம் கழித்து அந்த 69 என்பது 18 ஆகியிருந்தது. சிப்பாயை மட்டும் காப்பாற்றினால் போதாது, ஊர் மக்களுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று பிறகு வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவரிடம் தப்பே இல்லையா என்றால், இருந்தது. கிருமியால் நோய் வருகிறது என்பதை அவர் நெடுங்காலம் நம்பவில்லை. கெட்ட நாற்றக் காற்றால்தான் நோய் வருகிறது என்று நினைத்தார். காரணம் தப்பு, ஆனாலும் சாக்கடையைச் சுத்தம் பண்ணினது சரியாப் போச்சு. கணக்கில் வழி தப்பா இருந்து விடை சரியா வந்தா நமக்கு மார்க் போட மாட்டாங்க, அவருக்குப் போட்டுட்டாங்க.

இந்தக் கட்டுரையை எழுதும்போது அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். விளக்கு வரும் இடத்தில் சும்மா கேட்டாங்க. சாக்கடை வந்ததும் கத்தியையும் வெங்காயத்தையும் கீழே வச்சுட்டு, அந்தக் குதிரையை எப்படி வெளியே எடுத்தாங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலை. அப்புறம் அம்மா வேலை செய்யற இடத்தில் கக்கூஸ் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதைப் பத்திச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவை கழுவினதும் மணி போட்டுக் கையெழுத்துப் போடணும். மேலே ஒருத்தர் வந்து சரிபார்ப்பார். 2015இல் தொடங்கின காயகல்ப் திட்டத்தில் சுத்தமான அரசு ஆஸ்பத்திரிக்கு மார்க் போட்டுப் பரிசு தர்றாங்க. அதுக்கு ஆய்வுக்கு வர்றவங்க இந்தத் தாளையும் பார்ப்பாங்களாம். கையெழுத்து இருந்து கழுவாம இருந்தாலும் மாட்டிக்குவோம், கழுவிட்டுக் கையெழுத்து மறந்தாலும் மாட்டிக்குவோம்னு சிரிச்சாங்க. அம்மா அந்தத் தாளை வெறும் தொல்லைன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தாங்களாம். அதுக்கும் நைட்டிங்கேல் அம்மையார் கேட்ட படிவத்துக்கும் சொந்தம் இருக்குன்னு நான் சொன்னேன்.

அம்மையார் பல ஆண்டுகள் உடம்பு முடியாமல் லண்டன் வீட்டில் அறைக்குள்ளேயே இருந்துகொண்டு கடிதமும் அறிக்கையும் எழுதினார். 1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற பெரிய விருது பெற்றார். அதை வாங்கிய முதல் பெண் அவர். 1910 ஆகஸ்ட் 13ஆம் தேதி தூக்கத்திலேயே காலமானார். வயது 90. ராஜாக்களைப் புதைத்திருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கொடுத்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லில் முழுப் பெயர் இல்லை. எஃப். என். என்ற இரண்டு எழுத்தும் பிறப்பு, இறப்பு விவரமும் மட்டும்.

படம் வரைய நீல ஸ்கெட்ச் கடன் கொடுத்த 9 'ஆ' பிரிவுத் தோழிக்கு நன்றி. அது தீர்ந்துபோனதுக்கு மன்னிக்கவும், புதுசு வாங்கித் தர்றேன்.

இப்படிக்கு,
9 'அ' பிரிவு மாணவி (அம்மா: ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர்)